கவாத்து

புளியங்குடி எலுமிச்சைத் தோப்பில் கவாத்து என்றால் காய்ந்த சுள்ளிகளைக் கழிப்பது, அடிமரத்திலிருந்து வீணாகக் கிளம்பும் போத்துகளை நறுக்குவது. காய்ப்பு மரத்தினுடையது, மனிதன் இடைஞ்சலை எடுத்துவிடுகிறான், அவ்வளவுதான். இதே சொல் மேற்கே மலையேறியதும் வேறு வேலை பார்த்திருக்கிறது. பட்டாளத்தில் சிப்பாய்களை வரிசையில் நிறுத்திக் கைகால் பழக்குவதற்கும் கவாத்து என்றுதான் பெயர். விதிகள் என்று பொருள்படும் அரபுச் சொல், உருது வழியாகப் படைக்குள் வந்தது அது. செடிக் கவாத்துக்கும் படைக் கவாத்துக்கும் வேர் ஒன்றா இரண்டா என்று அகராதிக்காரர்கள் வழக்காடட்டும். மலைத் தோட்டங்களின் சரித்திரத்தில் இரண்டும் சேர்ந்தே நடந்தன என்பதுதான் விஷயம்.

யாரும் கவாத்துப் பண்ணாத ஒரு மரத்தை முதலில் பார்க்கலாம். நீலகிரி, பழனி மலை உச்சிகளில், சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் ஓரத்தில், சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் நிற்கிறது. காட்டுப் பூவரசு என்பார்கள். நம்மூர்ப் பூவரசுக்கும் அதற்கும் குடும்ப உறவு கிடையாது. அதன் உறவு இமயத்தில் இருக்கிறது, இலங்கையின் உயர்ந்த மலைகளில் இருக்கிறது. குள்ளமாக, முறுக்கிய கிளைகளோடு, தடித்த பட்டையோடு, புல்வெளித் தீக்கும் பனிக்கும் ஈடுகொடுத்து நிற்கும் மரம்.

ஜோசப் ஹூக்கர் 1848 முதல் 1850 வரை சிக்கிம் மலைகளில் அலைந்து இந்தக் குலத்தின் பல இனங்களைச் சேகரித்தார். விதைகள் கப்பலேறின. மலையில் நின்றவை இங்கிலாந்துப் பிரபுக்களின் தோட்டத்து அலங்காரமாயின. அங்கே அதன்மேல் கத்தி வைக்கிறவன் பயந்து பயந்துதான் வைக்கிறான். பூ வாடியதும் கொத்தைக் கிள்ளி எடுக்கவேண்டும். அதற்கு அடியில் இருக்கும் இளமொட்டுக்குச் சேதம் வரக்கூடாது. மறுவருஷத்துப் பூ இந்த வருஷமே கிளை நுனியில் கட்டிவிடுகிறது. காலம் தப்பி வெட்டினால் வருகிற வசந்தம் வெறும் இலைதான். முற்றிக் கோணிப்போன செடியை ஒட்ட வெட்டினால் துளிர்க்கலாம். ஆனால் பூவுக்குச் சில வருஷங்கள் காத்திருக்க வேண்டும். கத்தியின் விதிகள் எல்லாம் பூவுக்காக ஏற்பட்டவை.

தேயிலையில் இது தலைகீழ். தேயிலை பிறவியில் புதரல்ல. விட்டுவிட்டால் முப்பதடி வளரக்கூடியது. வெள்ளையாய்ப் பூத்து விதை கட்டும். பூவுக்கும் விதைக்கும் போகிற சத்து கொழுந்துக்கு நஷ்டம். ஆகவே நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை அதை முழங்கால் மட்டத்துக்கோ தொடை மட்டத்துக்கோ தறிக்கிறார்கள். தறிக்குமுன் வேரை நறுக்கி அயோடின் தடவிப் பார்க்கிற வழக்கம் உண்டு. கறுத்தால் மாவுச்சத்து இருக்கிறது. செடி வெட்டைத் தாங்கும். பிறகு வரும் துளிர்களை ஒரே மட்டத்தில் கிள்ளிக் கிள்ளி மேஜைபோல் ஆக்குகிறார்கள். அந்த மட்டம் செடி தேர்ந்துகொண்டதல்ல. கொழுந்தெடுக்கும் பெண்ணின் கை போய்வர வசதியான உயரம். பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பச்சைச் சரிவு பூக்காமல் தடுக்கப்பட்ட ஒரு காடு.

இந்தக் காட்டைத் தறித்தவர்கள் யார்? இலங்கையில் 1869ல் இலைத்துரு நோய் கண்டு காப்பி அழிந்தபின் தேயிலை மலையைப் பிடித்தது. அதற்கு முன்பும் பின்பும் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து ஜனங்கள் கங்காணி பின்னால் போனார்கள். அவர்கள் குடியிருந்தது லயம். ஆங்கிலத்து லைன், சிப்பாய் வரிசைக் குடியிருப்புக்கு வழங்கிய அதே சொல். விடிகாலையில் தப்புச் சத்தத்துக்கு எழுந்து அவர்கள் கூடியது பெரட்டுக்களம். பெரட்டு என்பது பரேடு. ஆண்கள் வெட்டியது கவாத்து. மூன்று சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தோட்டம் பாசறையாகத் தெரிகிறது. இதற்குத் தனியாகக் கல்வெட்டுத் தேடவேண்டியதில்லை.

துண்டு என்று ஒரு காகிதமும் இருந்தது. தொழிலாளியின் கடனைத் தீர்ப்பவரிடம் அவனை விட்டுவிடச் சம்மதம் என்று தோட்டம் எழுதிக்கொடுப்பது. வங்கியில் கடன் பத்திரங்களைத் தினமும் புரட்டுகிற எனக்கு அதன் நேர்த்தி புரிகிறது. கைமாறியது கடன், கூடவே ஆளும் போனான். 1921ல்தான் அதை ஒழித்தார்கள். செடியின் வேரில் சேமிப்பு இருக்கிறதா என்று பார்க்க அயோடின் உண்டு. ஆளுக்கு அப்படி ஒரு சோதனையை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

1935ல் மணிக்கொடியில் வந்த புதுமைப்பித்தனின் துன்பக்கேணி, திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து தேயிலைக்குப் போனவளைத் தொடர்ந்தது. நம் சரித்திரக்காரர்கள் மன்னர் வரிசையோடு நின்ற இடத்தில் ஒரு சிறுகதை முன்னே போயிருக்கிறது. அதற்குப்பின் நடந்ததும் கவாத்துதான். 1948ல் இலங்கையின் பிரஜா உரிமைச் சட்டம் மலையகத்தாரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிற்பாடு என்று பிரித்தது. எந்தக் கிளை எங்கே என்று கிளையைக் கேட்கவில்லை. வந்தவர்களில் ஒரு பகுதிக்கு நீலகிரியில் 1968ல் தொடங்கிய அரசுத் தோட்டங்களில் மறுபடி தேயிலையே கிடைத்தது.

இந்தப் பக்கத்து மாஞ்சோலையும் இதே பாடம்தான். 1929ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. 1999 ஜூலை 23ல் மாஞ்சோலைத் தொழிலாளர் கோரிக்கைக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் தடியடி நடந்தது. தாமிரவருணியில் 17 பேர் செத்தார்கள். 2024ல், குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கையிலேயே, விருப்ப ஓய்வு என்ற பெயரில் வேலை நின்றது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்தவர்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள்.

காடு மீளட்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கவாத்து நின்றால் தேயிலைகூடத் தன் பழைய உயரத்துக்குப் புறப்பட்டுவிடும், பூக்கவும் செய்யும். அதன் வேரில் சேமிப்பு இருக்கிறது. வெட்டியவனுக்கும் பறித்தவளுக்கும் அந்த மலையில் சேமிப்பு என்று எதுவும் எழுதிவைக்கப்படவில்லை.