ஊர் மாறிய பிள்ளைகள்

கல்முனைக் கரையோரத்தில் ஒருவரிடம் குடி எதுவென்று வினவினால், இந்துவாயினும் முஸ்லிமாயினும் தாய்வழிக் குடியையே கூறுவர். கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிவாரியாகவே கருமம் பார்த்து வந்தனர். இவ்வழக்கம் அராபியாவிலிருந்து வந்ததன்று. 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட இடங்களினின்றும் சோனகரைத் துரத்தியபோது, கண்டியரசன் செனரதன் அவர்களுள் 4,000 பேரளவினரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பர். முன்னரே இங்கிருந்த முஸ்லிம்களோடு இவர்களும் கலந்தனர். வந்தவர் பிள்ளைகள் எவ்வாறு ஊரவராயினர்? இப்பகுதியில் மணமகன் மனைவி வீட்டுக்கே சென்று வாழ்வான். வீடு மகளுக்குச் சீதனமாகும். ஆகவே பிள்ளை வளர்வது தாயும் பாட்டியும் பெரியம்மா சின்னம்மாமாரும் சூழ்ந்த வளவில். தந்தை எங்கிருந்து வந்தவராயினும் பிள்ளையின் பேச்சும் குடியும் அவ்வளவினுடையனவே. பிற்காலத்தில் பள்ளிக்கூடம் செய்த வேலையை அன்று வளவு செய்தது என்பது எமது கருத்து.

பள்ளிக்கூடமோ பிள்ளையை வளவுக்கு வெளியே இழுத்தது. 1892இற் காரைதீவிற் பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின் மட்டக்களப்பில் கத்தோலிக்கக் குருமார் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். மிஷன் பள்ளி பிள்ளையின் சமயத்தை மாற்றிவிடும் என அஞ்சிய பெரியோர் பலர். (நாமும் அத்தகைய பள்ளியிற் படித்தவர்களாதலின், அவ்வச்சத்தை வீட்டிற் கேட்டே வளர்ந்தோம்.) மயில்வாகனமோ 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரானார்.

1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், குர்ஆன் மத்ரஸாவிலிருந்து வைத்தீஸ்வர வித்தியாலயத்துக்கும் அதன்பின் இந்துக் கல்லூரிக்கும் சென்றவர். 1935இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். யுத்தகால உணவு உற்பத்தியைக் கவனித்ததோடு இங்குள்ள முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக் குறையையும் கண்டார். 1945இல் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியைத் தோற்றுவித்தார். விபுலாநந்தரின் நட்பு அவருக்கு வாய்த்ததும் கல்முனையிலேதான். மிஷன் பள்ளியிற் படித்த துறவியும் இந்துக் கல்லூரியிற் படித்த முஸ்லிமும் நண்பராயினர். இருவருமே அயலார் வாங்கில் அமர்ந்து பழகியவர்கள்.

இன்று கல்முனையில் ஸாஹிரா, உவெஸ்லி, கார்மேல் பாத்திமா என நற்கல்லூரிகள் பல உள. ஆயின் முஸ்லிம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒருபுறமும் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் மறுபுறமுமாகவே படிக்கின்றனர். ஒரே மொழி பேசும் இருவர், ஒருவரையொருவர் அறியாமலே பள்ளிப் படிப்பை முடித்து விடுகின்றனர். இதனை இயல்பெனக் கொள்ள எமக்கு மனமில்லை.

விரும்பிப் பள்ளி மாறுவது வேறு, துரத்தப்பட்டு மாறுவது வேறு. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ் நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலமே. அஸீஸ் பிறந்த வண்ணார்பண்ணையும் அதிலடங்கும். பெரும்பாலோர் புத்தளத்தை அடைந்தனர். புத்தளத்தாரும் முஸ்லிம்கள், அவர்கள் பேசுவதும் தமிழே. எனினும் வந்த பிள்ளைகளுக்கு 'அகதி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முகாமிற் பிறந்த பிள்ளைக்கும் அப்பெயரே. செனரதன் காலத்தில் வந்தவருக்கு வளவு கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்தது நிவாரண அட்டை.

2009இல் யுத்தம் முடிந்தபின் சில குடும்பங்கள் யாழ்ப்பாணம் திரும்பின. தாய் தந்தையருக்கு அது சொந்த ஊர். புத்தளத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கோ, அது இன்னுமொரு புதுப் பள்ளிக்கூடம்.