தமிழ்நாட்டில் எரிவாயு மின்னுற்பத்தி: காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் துணை

காற்று ஓய்ந்த நேரத்திலும் பொழுது சாய்ந்த பிறகும் மின்தொகுப்பில் விழும் பள்ளத்தை, இயற்கை எரிவாயுவை எரித்து நிரப்பும் முறை எரிவாயுத் துணை மின்னுற்பத்தி எனப்படும். தமிழ்நாட்டில் காற்றாலைக்குத் துணை என்ற நோக்கோடு கட்டப்பட்ட எரிவாயு நிலையம் எதுவும் இல்லை. காவிரிப் படுகையிலும் இராமநாதபுரத்திலும் உள்ளவை, எரிவாயு கிடைத்த இடத்திலேயே அதைப் பயன்படுத்திக்கொள்ள எழுந்தவை. சென்னை பேசின் பாலத்தில் உள்ளது, நகரின் உச்சநேரத் தேவைக்காக நாப்தா என்ற திரவ எரிபொருளை நம்பி அமைக்கப்பட்டது. மாநில அரசின் மின்துறைக்குச் சொந்தமான இந்நிலையங்களின் மொத்த நிறுவுதிறன் 516.08 மெகாவாட். காற்றாலைகளின் நிறுவுதிறனே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்ட மாநிலத்தில் இது சிறிய அளவுதான். ஆயினும் இந்தச் சிறிய அளவை எந்த நேரத்தில் எரிப்பது என்பது பெரிய கேள்வி.

காற்றும் பருவமும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று தமிழ்நாட்டுக்குள் பாய்கிறது. மலை கேரளத்துப் பக்கம் மழையை நிறுத்திக்கொள்ள, இடுக்கில் நெருக்கப்பட்ட காற்று மட்டும் வேகம் கூடி இந்தப் பக்கம் வருகிறது. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அரசின் முன்னோடிக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் கயத்தாறு, முப்பந்தல், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் தனியார் காற்றாலைகள் பெருகின. காற்றாலைப் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. அம்மியும் பறக்கும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்றின்போது இவற்றிலிருந்து 5,000 மெகாவாட்டுக்கு மேல் தொகுப்பில் வந்து விழும் நேரங்கள் உண்டு. ஐப்பசி பிறந்தால் அதே காற்றாலைகள் நாள் முழுதும் சும்மா நிற்பதும் உண்டு.

இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு கடுமையானது என்பதைத் தமிழ்நாட்டு மக்கள் 2012இல் அனுபவித்தனர். புதிய அனல் நிலையங்கள் தாமதமாகிக்கொண்டிருந்த காலம் அது. காற்றாலைப் பருவம் முடிந்ததும் சென்னைக்கு வெளியே நாளுக்குப் 10 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு நிலவியது. விசைத்தறிகளும் கோவைப் பட்டறைகளும் முடங்கின. வடக்கே மின்சாரம் இருந்தாலும் கொண்டுவரப் போதிய கம்பி இல்லை. தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு ஒரே அலைவெண்ணில் இணைக்கப்பட்டது 2013 டிசம்பர் 31 அன்றுதான்.

படுகையின் நிலவியல்

தமிழ்நாட்டு எரிவாயுவைப் புரிந்துகொள்ள அரியலூர்ப் பாறைகளிலிருந்து தொடங்க வேண்டும். ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் 1857 முதல் 1860 வரை அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் படிவுப் பாறைகளை ஆய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக வகுத்தார். அங்கே கிடைத்த சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா விரிவாக விவரித்தார். கிரெட்டேசியக் காலத்தில் அந்தச் செம்மண் பூமி கடலுக்கடியில் கிடந்ததற்கு அவையே சான்று. இன்று சிமென்ட் ஆலைகளுக்கு வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுச்சென்றதே.

அரியலூரில் வெயிலில் கிடக்கும் இப்பாறைகளின் தொடர்ச்சி, கிழக்கே போகப்போகத் தாழ்ந்து, காவிரி வண்டலுக்கு அடியில் மறைகிறது. கோண்டுவானாப் பெருநிலம் உடைந்து இந்தியா விலகியபோது இப்பகுதியின் அடிப்பாறை பிளந்து, சில பாளங்கள் மேடாக நிற்க, சில பாளங்கள் பள்ளமாக இறங்கின. மேடும் பள்ளமும் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக, பாத்தி கட்டியதுபோல் மாறிமாறி அமைந்துள்ளன. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், கும்பகோணம்–மாதானம் மேடு, தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினம் பள்ளம், பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு, தெற்கே இராமநாதபுரம்–பாக் விரிகுடாப் பள்ளம் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. ஆழமான பள்ளங்களில் படிவுகளின் தடிமன் 5 கிலோமீட்டரையும் மிஞ்சும். பள்ளத்தின் அடியில் தேங்கிய உயிர்ப்பொருள் சூட்டாலும் அழுத்தத்தாலும் எண்ணெயும் வாயுவுமாக மாறி, மேட்டின் சரிவில் ஏறி, மேலே களிப்பாறை மூடிய மணற்கல்லில் தங்கியது.

துளையிட்டவர்கள் இந்த அடுக்குகளுக்கு அந்தந்த வட்டாரத்து ஊர்களின் பெயர்களையே சூட்டினர். அடியில் ஆண்டிமடம் அடுக்கு. இதில் உள்ள களிப்பாறையே வாயு பிறந்த முதன்மையான தாய்ப்பாறை. அதற்கு மேலே புவனகிரி மணற்கல், குடவாசல் களிப்பாறை, நன்னிலம் அடுக்கு, பின்னர் கமலாபுரம், காரைக்கால், நிரவி, திருப்பூண்டி அடுக்குகள் வருகின்றன. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் வழியில் பேருந்து நடத்துநர் கூவும் பெயர்கள் சிலவும், காலடியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் பெயராகவும் நிற்கின்றன.

எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் இப்படுகையில் 1964இல் காரைக்காலில் முதல் ஆழ்துளையை இறக்கியது. வணிக அளவில் எண்ணெயும் வாயுவும் எடுக்க அதன்பின் இருபது ஆண்டுகள் பிடித்தன. 1980களின் நடுவில் நரிமணம் வயல் கைகொடுத்தது. அந்தக் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க 1993இல் பனங்குடியில் ஆலை வந்தது. கோவில்களப்பால், குத்தாலம், இராமநாதபுரம் வட்டாரங்களில் வாயு வயல்கள் கண்டறியப்பட்டன. எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு சேர்ந்தே வாயுவும் வரும். வாங்க ஆளில்லாத காலத்தில் அதைக் குழாய் உச்சியில் கொளுத்திவிட்டனர். நடவு முடிந்த வயல்களுக்கு அப்பால் இரவு முழுதும் அசையாமல் எரியும் அந்தத் தீச்சுடரைக் கடைமடைக்காரர்கள் இன்றும் நினைவுகூர்வர். பகலில் பார்த்தால், கம்பிவேலிக்குள் ஆளுயரத்துக்கும் மேலாக அடைப்பிதழ்கள் கிளைகிளையாகப் பொருத்திய ஒரு இரும்புத் தூண் மட்டுமே தெரியும். கிணற்றுப் பணியாளர்கள் அதைக் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்பார்கள்.

நிலையங்கள்

வீணாக எரிந்த வாயுவை மின்சாரமாக்கும் முயற்சி நரிமணத்தில் ஒரு சிறிய நிலையத்தோடு தொடங்கியது. அது இன்று இயங்கவில்லை. திருவாரூர் மாவட்டத்தில் கோவில்களப்பால் வாயுவைக் கொண்டு இயங்கும் திருமாக்கோட்டை நிலையம் (107.88 மெகாவாட்) 2001இல் வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்து வழுதூரில் முதற்கட்டம் (95 மெகாவாட்) 2003இலும், இரண்டாம் கட்டம் (92.2 மெகாவாட்) சில ஆண்டுகள் கழித்தும் நிறைவேறின. குத்தாலத்தை அடுத்த மாருதூரில் 101 மெகாவாட் நிலையம் உள்ளது. இவை எல்லாம் கூட்டுச் சுழற்சி நிலையங்கள். வாயுச் சுழலியில் எரிந்து வெளியேறும் புகை 500 பாகை செல்சியசுக்கும் மேல் கொதிக்கும். அதைப் புகைபோக்கியில் விட்டுவிடாமல் ஒரு கொதிகலனுக்குள் செலுத்தித் தண்ணீரை நீராவி ஆக்கி, இரண்டாவது சுழலியையும் சுற்றவைப்பார்கள். தனிச் சுழலியில் எரிபொருளின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். கூட்டுச் சுழற்சியில் அது பாதியை எட்டும்.

பேசின் பாலம் நிலையம் வேறு வகை. சென்னை நகருக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து விளக்கேற்றிய நிலக்கரி மின்நிலையம் இருந்த இடம் அது. மெட்ராஸ் மின்வழங்கு நிறுவனத்தை அரசு 1947இல் எடுத்துக்கொண்டபோது இந்நிலையமும் அரசுடைமையானது. பழைய கொதிகலன்கள் ஓய்ந்தபின் 1996இல் தலா 30 மெகாவாட் கொண்ட நான்கு தனிச் சுழலிகள் அங்கே நிறுவப்பட்டன. நாப்தா விலை அதிகம் என்பதால் இவை ஆண்டில் சில நாட்களே ஓடின. தனியார் துறையில் தரங்கம்பாடியை அடுத்த பிள்ளைப்பெருமாள்நல்லூரில் 330.5 மெகாவாட் நிலையம் 2001இல் நாப்தாவோடு தொடங்கியது. அதையும் எரிபொருள் விலையே நசுக்கியது.

துணையாக இயங்கும் முறை

மின்தொகுப்பின் அலைவெண் 50 ஹெர்ட்சை ஒட்டியே நிற்க வேண்டும். மின்வாரியத்தார் எல்.டி.சி. என்றே அழைக்கும் சென்னை மின்சுமை பகிர்வு மையத்தில், இரவு பகலாகப் பொறியாளர்களின் கண் பதிந்திருப்பது இந்த எண்ணின்மீதுதான். ஆரல்வாய்மொழியில் காற்று சட்டென்று இறங்கினால் எண் 49.9க்குக் கீழே நழுவத் தொடங்கும். அப்போது எங்காவது ஓரிடத்தில் உற்பத்தியைக் கூட்டியாக வேண்டும். நிலக்கரி நிலையத்தைக் குளிர்ந்த நிலையிலிருந்து எழுப்பப் பல மணி நேரம் வேண்டும். தனிச் சுழலியோ அரை மணிக்குள் முழு வேகம் பிடிக்கும். கூட்டுச் சுழற்சி நிலையம் இரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் நீராவிப் பகுதி சூடேறச் சில மணி நேரம் ஆகும்.

காற்றாலைக்குப் பொருத்தமான துணை எரிவாயுவே என்பது இதனால் தெளிவு. ஆனால் காவிரிப் படுகை நிலையங்கள் இந்த வேலைக்குப் பழக்கப்படவில்லை. சிறு வயலின் வாயுவைச் சேர்த்துவைக்கக் கிடங்கு இல்லை. இந்தியாவில் எங்குமே இயற்கை எரிவாயுவுக்கு நிலத்தடிக் கிடங்கு அமைக்கப்படவில்லை. எண்ணெயோடு வரும் வாயுவை நிறுத்தினால் எண்ணெயும் நிற்கும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறிப்பிட்ட அளவுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது எரிவாயு ஒப்பந்தங்களின் வழக்கம். ஆகவே கிணறு தரும் வாயுவை ஆடியிலும் ஐப்பசியிலும் ஒன்றுபோல எரிக்கிறார்கள். காற்றாலைகளை நிறுத்திவைக்கும்படி உத்தரவு போகும் அதே ஆடி நள்ளிரவில், மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்திருந்த வாயு எரிந்து தீர்வது பெரும் இழப்பு. குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து, வாயுவைக் காற்றில்லா மாதங்களுக்கும் மாலை நேரத்துக்கும் ஒதுக்குவதே முறை.

உண்மையில் இன்று துணைப் பொறுப்பைச் சுமப்பவை நீரும் நிலக்கரியும். ஆனைமலையில் பாறையைக் குடைந்து அமைத்த காடம்பாறை நிலையம் (400 மெகாவாட், முதல் அலகு 1987) மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாற்று நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விடுகிறது. அனல் நிலையங்களைக் காற்று வீசும்போது தாழ்த்தி ஓட்டுகிறார்கள். நிலக்கரி அலகுகள் முழுத் திறனில் 55 விழுக்காடு வரை தாழ்ந்து இயங்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023இல் விதி வகுத்தது. ஓயாமல் தாழ்த்தி உயர்த்துவதால் கொதிகலன் குழாய்கள் தேய்ந்து வெடிக்கின்றன. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் தரும் முன்கணிப்பால் இந்தச் சுமை ஓரளவு குறைந்துள்ளது.

எதிர்ப்பும் சூழலும்

எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் விவசாயிகள் நடத்திய போராட்டங்கள் மாநிலம் முழுதும் கவனம் பெற்றன. நிலத்தடி நீர் கெடும், வயல் பறிபோகும் என்ற அச்சம் அவற்றின் அடிப்படை. 2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றி, டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை விதித்தது. முன்பே இயங்கிவந்தவற்றை அச்சட்டம் தொடவில்லை. கூட்டுச் சுழற்சியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகும் கரியமில வாயு, நிலக்கரியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதி. மீத்தேன் எரியாமல் கசிந்தால் இருபதாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு சூடேற்றும். குழாய்களைச் சரியாகப் பராமரித்தால் இந்தக் குறை பெரிதல்ல.

இன்றைய நிலை

எண்ணூரில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறன் கொண்ட திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019இலும், இராமநாதபுரம்–தூத்துக்குடி எரிவாயுக் குழாய் 2021இலும் திறக்கப்பட்டன. இறக்குமதி வாயுவின் விலை 2022இல் உக்ரைன் போரால் எகிறியதும் அதை எரித்து மின்சாரம் எடுக்கும் பேச்சு அடங்கியது. சூரிய மின்சாரத்தின் நிறுவுதிறனும் இப்போது 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. மாநிலத்தின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நீலகிரியில் குந்தா நீரேற்று நிலையம் (500 மெகாவாட்) கட்டப்பட்டுவருகிறது. பெரிய மின்கலச் சேமிப்புகளுக்கு ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டுள்ளன. அரசின் எரிவாயு நிலையங்களில், அரை மணியில் எழுந்து நிற்கும் தனிச் சுழலிகள் கொண்டது பேசின் பாலம் ஒன்றே. அதன் திறன் 120 மெகாவாட்.