மருந்தை வென்ற கிருமி

மரபுப் பண்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும். அண்டை வீட்டாருக்குச் செல்லாது. இவ்வாறே பல்லாண்டுகள் வகுப்பில் கற்பித்தவன் நான். இக்கூற்று பாக்டீரியாக்களுக்கு முற்றும் பொருந்தாது என்பதை ஜப்பான் நாட்டு மருத்துவ வரலாறு பின்னர் எனக்கு உணர்த்திற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் சீதபேதி மிகுந்தது. அதனை உண்டாக்கும் ஷிகெல்லா என்னும் கிருமியை 1897ஆம் ஆண்டில் கண்டறிந்தவரும் ஜப்பானிய அறிஞரே. அவர் பெயர் கியோஷி ஷிகா. முதலில் சல்பா மருந்துகள் நோயைத் தணித்தன. சில ஆண்டுகளில் அவை வலுவிழந்தன. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிக்கால் ஆகியவை அவற்றின் இடத்திற்கு வந்தன. 1955ஆம் ஆண்டிலோ, இந்நான்கையும் ஒருங்கே எதிர்த்து நிற்கும் ஷிகெல்லா ஒரு நோயாளியிடம் காணப்பட்டது!

தற்செயலான மரபு மாறுதலால் ஒரு கிருமி ஒரு மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறுவதே அரிது. நான்கு மாறுதல்கள் ஒருசேர வாய்த்தல் எங்ஙனம்? ஆராய்ந்தபொழுது, நோயாளிகளின் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் வேறோர் இன பாக்டீரியாவிடமும் அதே எதிர்ப்பாற்றல் காணப்பட்டது. அக்கிபா, ஓச்சியாய் ஆகியோரின் குழுவினர் 1959ஆம் ஆண்டில் தனித்தனியே இதனைச் சோதித்தனர். இரண்டையும் கலந்து வளர்த்தபொழுது, எதிர்ப்பாற்றல் ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்திற்குச் சென்றது. வத்தனபே 1963ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை இச்செய்தியை உலகறியச் செய்தது.

பாக்டீரியாவின் முதன்மை மரபணுத் தொகுதிக்குப் புறம்பே, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் இருப்பதுண்டு. பல மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் ஒரே வளையத்தில் அமையலாம். இரு பாக்டீரியாக்கள் இணையும்பொழுது வளையத்தின் படி ஒன்று மற்றதற்குச் செல்லும். கொடுத்தது எதையும் இழப்பதில்லை. கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்பார்கள், இதுவும் அத்தகையதே!

ஒருமுறை சளிக்கு நானே கடையில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கி உண்டேன். சளியை உண்டாக்குவது வைரஸ். அம்மாத்திரை அதனைத் தொடவே தொடாது. ஆனால் என் குடலில் வாழும் தீங்கற்ற பாக்டீரியாக்களுள் மருந்துக்கு அஞ்சுவன மடியும், அஞ்சாதன பெருகும். அவை சேர்த்து வைத்த ஆற்றலைப் பின்னொருநாள் வரும் கொடிய கிருமி கடன் பெறலாம். அக்கிருமி என் பேரப்பிள்ளையையும் தாக்கலாம்.

ஆதலின், மருத்துவர் சொல்லாமல் இம்மருந்துகளைத் தொடாதீர்கள். நான் பிழை செய்து கற்ற பாடத்தை நீங்கள் கேட்டே கற்றுக்கொள்ளுங்கள்.