மைதானம் யாருக்கு? பம்பாய், 1881

பம்பாய்க் கோட்டைப் பகுதியை அடுத்த எஸ்பிளனேடு பொதுத்திடலில் பார்சி இளைஞர்கள் கிரிக்கெட் ஆடிவந்தனர். ஐரோப்பியர்க்கு மட்டுமே உரியதாக 1875இல் தோன்றிய பாம்பே ஜிம்கானாவின் உறுப்பினர்கள் அதே திடலில் போலோ ஆட, குதிரைக் குளம்புகள் புல்தரையைக் குதறின. போலோவை வேறிடத்துக்கு மாற்றக் கோரி, 1881இல் ஷாபூர்ஜி சொராப்ஜி முதலானோர் ஆளுநருக்கு மனு அளித்தனர். இணங்கிய அரசு, பிறகு தன் ஆணையைத் தானே திரும்பப் பெற்றது.

பின்னாளில் கிடைத்த தீர்வு வேறு வகையானது. கடலோரத்தில் மீட்கப்பட்ட நிலம் பார்சி, இஸ்லாமிய, இந்து ஜிம்கானாக்களுக்குத் தனித்தனியே ஒதுக்கப்பட்டது. பூசல் தணிந்தது, ஆனால் மனுவின் அடிப்படைக் கேள்வி, அதாவது பொதுநிலத்தைப் பகிர்வது எப்படி என்பது, விடையின்றியே நின்றது. பகிர்வதற்கு மாறாகப் பிரித்துக்கொடுத்ததே அன்றைய அரசின் சமரசம். எந்த ஜிம்கானாவிலும் சேர இயலாத சிறுவர்க்கு அதில் பங்கில்லை.