பள்ளி வாசலில் 50 மீட்டர்: உணவுச் சூழலும் இதய நலமும்

ஒரு பகுதியில் எளிதில் கிடைக்கும் உணவுகள், அவற்றின் விலை, கடைகளின் தொலைவு, விளம்பரம் ஆகியவை சேர்ந்ததே ‘உணவுச் சூழல்’ எனப்படுகிறது. காய்கறியும் பழமும் விலை உயர்ந்திருக்க, பொரித்த பண்டங்களும் இனிப்புப் பானங்களும் அருகிலேயே மலிவாகக் கிடைக்கும்போது அவையே அன்றாட உணவாகின்றன. இதனால் உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றுக்கான அபாயம் அதிகரிக்கிறது.

இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், அதிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் மாணவர்களுக்கு விற்க, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை விதிக்கின்றன. வீடு வரையிலான மீதித் தொலைவுக்கு இத்தடை பொருந்தாது.