ஓடும் காரில் சொந்தப் பாட்டு

1930 ஜூனில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் வானொலித் தயாரிப்பாளர்களின் மாநாடு நடந்தது. சிகாகோவிலிருந்து வந்திருந்த பால் கால்வினுக்கு உள்ளே கடை விரிக்க இடம் இல்லை. தன் ஸ்டூடிபேக்கர் காரை வெளியே நிறுத்தி, அதில் பொருத்தியிருந்த வானொலியைச் சத்தமாக வைத்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று கேட்டார்கள். மோட்டோரோலா என்று அவர் பெயர் சூட்டிய பெட்டி அது. 1947இல் அவருடைய கம்பெனியின் பெயரே அதுவாகிவிட்டது.

அந்தப் பெட்டியைக் காரில் பாட வைப்பது லேசுப்பட்ட வேலையல்ல. ஸ்பார்க் பிளக் பொறிவிடும் போதெல்லாம் வானொலியில் கரகரவென்று இரைச்சல் எழும். வால்வுகள் கேட்ட மின்னழுத்தத்தைக் கார் பேட்டரியால் தர முடியாது. கால்வினோடு சேர்ந்து இவற்றுக்கு வழி கண்டவர்கள் எல்மர் வேவரிங், வில்லியம் லியர் என்ற இரண்டு இளைஞர்கள். லியர் இந்தக் கதையில் மறுபடியும் வருவார்.

வானொலி வந்த பிறகும் ஒரு குறை இருந்தது. நிலையம் ஒலிபரப்புவதைத்தான் கேட்க முடியும். பிடித்த பாட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். வராமலே ஊரும் வந்துவிடும்.

அதைத் தீர்க்க முனைந்தவர், 1948இல் எல்பி இசைத்தட்டை உருவாக்கிய குழுவில் முக்கியமானவரான பீட்டர் கோல்ட்மார்க். அவர் வடிவமைத்த 'ஹைவே ஹை-ஃபை' என்ற இசைத்தட்டுக் கருவியை 1956 மாடல் கார்களில் கிரைஸ்லர் பொருத்திக் கொடுத்தது. 7 அங்குலத் தட்டு, நிமிடத்துக்குப் பதினாறே முக்கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவான வேகம். மயிரிழை போன்ற நெருக்கமான பள்ளங்கள் இருந்ததால், அந்தச் சின்னத் தட்டின் ஒரு பக்கமே முக்கால் மணி நேரம் வரை ஓடும். டாஷ்போர்டுக்கு அடியில் இப்படியொரு நுட்பத்தை அடக்கியது அசாத்தியமான சாதனைதான்.

இருந்தும் சில ஆண்டுகளிலேயே அது மறைந்துபோனது. அடிக்கடி பழுதானதைக் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மையே. அதைவிடப் பெரிய காரணம் தட்டுகளில் இருந்தது: கொலம்பியா நிறுவனம் இதற்கென்று தனியாக அச்சிட்டவை மட்டுமே அதற்குக் கிடைத்தன. வீட்டு அலமாரியில் ஆசையாகச் சேர்த்துவைத்த 33, 45 சுழற்சித் தட்டுகளில் ஒன்றுகூட அதில் ஓடாது. நிலையத்தின் தேர்வு போய்க் கம்பெனியின் தேர்வு வந்தது, அவ்வளவுதான். 1960இல் ஆர்சிஏ கொண்டுவந்த கருவி சாதாரண 45 தட்டுகளையே ஏற்றது. 14 தட்டுகளை அடுக்கலாம். அதுவும் நிலைக்கவில்லை.

இதற்குள் லியர் விமானத் தயாரிப்பாளர் ஆகியிருந்தார். 1964இல் எட்டுத் தட ஒலிநாடாவை உருவாக்கினார். பெட்டிக்குள் ஒரே சுருள். நாடா அதன் நடுவிலிருந்து உருவப்பட்டு வெளிச்சுற்றில் போய்ச் சேரும். முனையே இல்லாததால் பாட்டு நிற்காது. பின்னோக்கிச் சுற்றவும் முடியாது. நாடாவின் ஒட்டில் இருக்கும் உலோகத் துண்டு கடந்ததும் 'டக்' என்று ஒலித்தலை அடுத்த தடத்துக்கு நகரும். நீளமான பாட்டு என்றால் நடுவிலேயே அந்த 'டக்' விழும். 1966 மாடல் கார்களில் ஃபோர்டு இதைப் பொருத்தித் தந்தது. ஆர்சிஏவும் இசைப்பெட்டிகளை வெளியிட்டது. ஒரு கையால் தள்ளினால் போதும், பாடும். ஓட்டுநருக்கு அதுவே பெரிய வரம்.

ஆனாலும் சொந்தத் தேர்வு முழுமையாகக் கைக்கு வந்தது கேசட்டில்தான். 1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய அந்தச் சிறிய பெட்டியில் யாரும் பதிவு செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் அது தனித் தொழிலாகவே வளர்ந்தது. பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கேசட் கடையில் கொடுத்தால், எல்பி தட்டுகளிலிருந்து அதே வரிசையில் பதிந்து தருவார்கள். கார்களிலும் வாடகை வேன்களிலும் வழிநெடுக ஒலித்தவை பெரும்பாலும் அந்தப் பட்டியல்கள். ஓட்டுநரின் ரசனையையே நம்பி அதே வண்டியைக் கூப்பிட்டவர்களும் உண்டு.

1984இல் பயனியரும் சோனியும் கார் சிடி கருவிகளைக் கொண்டுவந்த பின்னும் கேசட் உடனே விலகவில்லை. அமெரிக்காவில் தொழிற்சாலையிலேயே கேசட் கருவி பொருத்தி விற்கப்பட்ட கடைசிக் காராகச் சொல்லப்படும் லெக்சஸ் எஸ்சி 430, 2010 மாடல்.