கொல்லிமலையில் வளர்ந்தவர் தேர்ந்தெடுத்த மருத்துவக் கல்லூரி

நீட் முடிவு வந்ததும் ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். "எந்தக் காலேஜ்ல சேர்ந்தா பின்னாடி நல்ல சர்ஜரி பிராஞ்ச் கிடைக்கும்?" பையனோ பொண்ணோ இன்னும் உடற்கூறியல் புத்தகத்தையே திறந்திருக்காது. அதற்குள் வீட்டில் நியூரோவா, பிளாஸ்டிக்கா, கார்டியாக்கா என்று விவாதம் ஓடும். குறை சொல்ல முடியாது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், எம்.எஸ். மூன்று, அதற்கு மேல் எம்.சிஎச். மூன்று. இத்தனை நீளமான பாதையில் முதல் அடி தப்பிவிடக் கூடாதே என்ற பயம் யாருக்கும் வரும்.

இதே கேள்வியை வைத்துக்கொண்டு பழைய ஆட்களின் வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தபோது, நம்ம கொல்லிமலையோடு தொடர்புள்ள ஒருவர் வந்து நின்றார். பெயர் பால் பிராண்ட். கை அறுவை சிகிச்சையில் உலகப் பெயர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை மறுபடி நிமிர வைத்தவர். அவர் மருத்துவக் கல்லூரிக்குப் போன கதை நம் கவுன்சலிங் கணக்கு எதற்குள்ளும் அடங்காது.

1914இல் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இருவரும் ஆங்கிலேய மிஷனரிகள். குடும்பம் கொல்லிமலை வாழவந்தியில் இருந்தது. இன்றைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டிப் போய் ஆகாய கங்கையைப் பார்த்துவிட்டு வருகிறோமே, அந்தச் சாலையெல்லாம் அப்போது கிடையாது. நடக்க வேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போக வேண்டும். மலேரியா வேறு. ஜெஸ்ஸி முழு மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்ல, குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்றவர். ஆனால் மலைக்கு வேறு வைத்தியர் யார்? பல் பிடுங்கினார், கட்டி கீறினார், வீடு கட்டினார், கிணறு வெட்டினார்.

அந்தக் கிணறு வெட்டியதும் வைத்தியம்தான். அப்போது நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. அசுத்தத் தண்ணீரில் வரும் புழு உடம்புக்குள் முழ நீளம் வளர்ந்து காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதை ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்தால் சீழ் பிடித்துவிடும். (இந்தியாவில் இந்த நோய் ஒழிந்துவிட்டதாக 2000இல் சான்றளித்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்குப் பெயரே தெரியாது.) அப்பா சீழ் வெளியேற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த சிறுவனுக்குக் குமட்டல் வந்தது. அன்றே முடிவு செய்துவிட்டான், டாக்டர் வேலை மட்டும் வேண்டாம்னு.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். மகனுக்கு அப்போது பதினைந்து வயதுகூட முடியவில்லை. பள்ளி முடித்ததும் அவர் போனது கட்டட வேலைக்கு. தச்சு, கல் வேலை என்று ஏறக்குறைய ஐந்து வருஷம் கற்றார். இந்தியாவுக்குத் திரும்பி அப்பாவைப் போல மலையில் வீடு கட்ட வேண்டும் என்பதுதான் ஆசை.

அப்படிப் போக நினைப்பவர்களுக்கு அடிப்படை வைத்தியம் கற்றுத் தரும் ஓராண்டுப் படிப்பு லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் இருந்தது. அதில் சேர்ந்தார். அங்கே மருத்துவமனைப் பயிற்சியில் ஒருநாள், ரத்தம் போய் வெளுத்து, செத்துவிட்டாள் என்றே தோன்றிய ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ரத்தம் ஏற்ற ஏற்ற அவள் கன்னத்தில் நிறம் திரும்பியது, கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அவ்வளவுதான், சின்ன வயது அருவருப்பு அங்கே உடைந்தது. 1937இல் யூனிவர்சிட்டி காலேஜ் ஹாஸ்பிட்டலில் முழு மருத்துவப் படிப்பில் சேர்ந்தார்.

எந்த பிராஞ்ச் என்ற எண்ணம் அப்போது அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தாலும் கை அறுவை சிகிச்சை என்று எழுதிக் கொடுத்திருக்க முடியாது. தனித்துறையாக அது இன்னும் உருவாகவே இல்லை. அமெரிக்காவில் ஸ்டெர்லிங் பன்னெல் கை அறுவைக்கென்றே எழுதிய பெரிய நூல் வந்தது 1944இல்தான். பிராண்டுக்கு அந்தக் கல்லூரி கொடுத்தது வேறு ஒன்று. 1940இல் லண்டன்மீது குண்டு விழ ஆரம்பித்தது. இரவெல்லாம் அடிபட்டவர்கள் வந்தார்கள். சமாதான காலத்தில் சீனியர் தொடுகிற கேஸெல்லாம் இளம் டாக்டர்கள் கைக்கு வந்தன. 1943இல் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்தார். கூடப் படித்த மார்கரெட்டையே மணந்தார். அவர் பின்னாளில் தொழுநோயாளிகளின் கண் சிகிச்சையில் பெயர் பெற்றார்.

1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். வந்த காரணமும் சுவாரசியம். ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி அது. அதை எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்த்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. உயர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இல்லாமல் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளாது. தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அழைத்து வந்தார். ஆக பிராண்ட் வந்தது பொது அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுக்க. தொழுநோய் திட்டத்திலேயே இல்லை. (ஆண் மாணவர்களை அங்கே சேர்த்ததே 1947இல்தான்.)

அடுத்து நடந்தது செங்கல்பட்டில். காக்ரேன் அங்குள்ள தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிக் காட்டினார். நோயாளிகளின் விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிக் கிடந்தன. ஒருவரிடம் "என் கையை அழுத்திப் பிடியுங்கள்" என்றார் பிராண்ட். பிடித்த பிடியில் அவருக்கு வலி தாங்கவில்லை. செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்ததில் இத்தனை பலமா? காரணம் பின்னால் தெளிவானது. இந்த நோய் நரம்புகளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. முழங்கை, மணிக்கட்டு போல, நரம்பு தோலை ஒட்டி, உடம்பு சற்றுக் குளிர்ந்திருக்கிற இடங்களில் தாக்குகிறது. அதனால் உள்ளங்கைச் சிறு தசைகள் செயலிழக்கின்றன, முன்கையின் பெரிய தசைகள் பல தப்பிவிடுகின்றன. தப்பிய தசை ஒன்றின் நாணை எடுத்து, விரலுக்கு வேறு வழியாகக் கொண்டுபோய்த் தைத்தால் விரல் நிமிரும். தச்சு வேலை கற்றவருக்கு இந்தக் கணக்கு, எந்த இழுப்பு எந்த மூட்டை எந்தப் பக்கம் திருப்பும் என்பது, எளிதில் பிடிபட்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

1948 வாக்கில் அறுவைகள் தொடங்கின. தொழுநோயாளியைப் பொது வார்டில் சேர்க்க யாரும் தயாராக இல்லாத காலம். கை சரியானவர்கள் ஊருக்குத் திரும்பினால் வேலை கொடுப்பாரும் இல்லை. அதனால் நவஜீவ நிலையம் என்று குடிசைகள் போட்டு, அங்கே தச்சுப் பட்டறை வைத்து, மரப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். அங்கேதான் இன்னொன்றும் புரிந்தது. விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுடுபட்டும் வெட்டுப்பட்டும் தேய்கின்றன. சிலருக்கு இரவில் எலி கடித்ததுகூடத் தெரியவில்லை. தீர்வு, ஆளுக்கொரு பூனை! 1952இல் லண்டனில் ஹன்டேரியன் சொற்பொழிவு, 1960இல் லாஸ்கர் விருது எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

அவருடைய மாணவி மேரி வர்கீஸின் கதையையும் சேர்க்கணும். வேலூரில் படித்தவர், மகப்பேறு மருத்துவம்தான் அவர் ஆசை. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உட்கார்ந்தே செய்யக்கூடிய அறுவை என்று பிராண்ட் அவருக்குக் காட்டியது கை அறுவையைத்தான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சரி செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து, வேலூரில் அந்தத் துறையையே உருவாக்கினார்.

இதையெல்லாம் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 1971இல் சென்னை ஸ்டான்லியில் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்குத் தனித்துறை தொடங்கியதைப் பாருங்கள். ஸ்டான்லி இருப்பது வடசென்னையில். பக்கத்தில் துறைமுகம், அச்சகம், பட்டறை, தொழிற்சாலை. இயந்திரத்தில் கை கொடுத்தவர்கள் வந்து சேரும் வாசல் அது. செங்கல்பட்டில் தொழுநோயாளி, ராயபுரத்தில் தொழிலாளி. இரண்டு இடத்திலும் நோயாளி முன்னே வந்தார், துறை பின்னே வந்தது.

அதனால் இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். ரேங்க் பட்டியலைப் பாருங்க, வேண்டாங்கல. பிராண்டும் சாதாரண இடத்தில் படித்தவரல்ல, எஃப்.ஆர்.சி.எஸ். இல்லாமல் வேலூர் அவரைத் தேடியிருக்காது. ஆனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு மணி நேரம் நில்லுங்க. என்ன மாதிரி கேஸ் வருகிறது? ஹவுஸ் சர்ஜன் தையல் போடுகிறாரா, ஃபைல் தூக்குகிறாரா? இறுதியாண்டு மாணவரைப் பிடித்து, அறுவை அரங்கில் எத்தனை தடவை கை கழுவி உள்ளே நின்றாய் என்று கேளுங்க. பளபளப்பான கட்டடம் இருந்தும் கட்டில் பாதி காலியாகக் கிடந்தால் யோசிங்க. பிராஞ்ச் முடிவை மூன்றாம் வருஷம் வரை தள்ளிப்போடலாம், குடி முழுகிவிடாது.

அரசுப் பணி வழியும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் மாநிலத்தின் முதுநிலை இடங்களில் பாதி அரசு மருத்துவர்களுக்கு. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31இல் தீர்ப்பளித்தது. மலையிலும் எளிதில் போக முடியாத இடங்களிலும் வேலை பார்த்தவர்களுக்கு ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. ஜெஸ்ஸி காலத்தில் மலையேற டாக்டர் கிடைக்கவில்லை. இப்போது எம்.எஸ். சீட்டுக்கு மதிப்பெண் சேர்க்கவாவது இளம் டாக்டர்கள் மலையேறுகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் கொல்லிமலைப் பக்கம் போனால் வாழவந்தியையும் எட்டிப் பாருங்க. ஜெஸ்ஸியை அடக்கம் செய்தது அங்கேதான். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விடாமல் 95 வயது வரை வாழ்ந்து 1974இல் இறந்த ஈவ்லினும் அவர் பக்கத்திலேயே.